அந்த மஞ்சள் விளக்கைக் கழற்றாதீர்கள்: மலையகத்துக் கராஜ் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கராஜ் உரிமையாளர்களுக்கும் வண்டி திருத்தும் பாஸ்மாருக்கும்,

வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் பழைய ஜப்பான் கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிரேக் அழுத்தும்போது சில்லு இறுகிவிடாமல் காப்பது ஏ.பி.எஸ்.; அதில் கோளாறு என்றால் எரியும் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவந்து விடுகிறோம். விளக்கு அணைந்த வண்டி திரும்பக் கிடைக்கிறது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என் தங்கையின் கணவர் அப்படிப்பட்ட ஒரு காரைத் தெரியாமல் வாங்கிவிட்டார். ரம்பொடைப் பக்கம் இறங்கிவரும்போது, மழையில், வலப்புறம் திரும்பும் வளைவில் எதிரே லொறி வந்தது. பிரேக்கை அழுத்தினார். முன் சில்லுகள் இறுகிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே வழுக்கிப்போய் மலையோர வடிகானுக்குள் இறங்கியது. பின் இருக்கையில் தங்கையும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வளைவு இடப்புறமாகத் திரும்பியிருந்தால் கார் போயிருக்கக்கூடிய பக்கத்தில் கான் இல்லை, பள்ளம்தான் இருக்கிறது.

வீட்டுக்கு இழுத்து வந்து மீற்றர் பெட்டியைக் கழற்றினோம். ஏ.பி.எஸ். விளக்குக்குப் போகும் கம்பி வெட்டப்பட்டு, எண்ணெய் விளக்கின் கம்பியோடு முறுக்கப்பட்டு, மேலே கறுப்பு நாடா நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பினால் இரண்டும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து அணையும். வாங்க வருபவர் எப்படிச் சந்தேகப்படுவார்? யாருடைய கை அது என்று எனக்குத் தெரியாது, தேடிப்போகவும் மாட்டேன். ஆனால் கோளாறை இவ்வளவு திறமையாக மறைக்கத் தெரிந்த ஒருவருக்கு அதைக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் மனம் ஆறவில்லை.

கோளாறோ மிகச் சிறியது. முன் வலச் சில்லின் வேக சென்சரிலிருந்து வரும் கம்பி, சில்லு திரும்பும்போது மடியும் இடத்தில் உள்ளே அறுந்திருந்தது. வெளியுறையில் ஒரு கீறல்கூட இல்லை. மல்டிமீற்றரை வைத்தால் அந்த வகைச் சென்சர் சுமார் ஆயிரம் ஓம் காட்ட வேண்டும், காருக்குக் கார் கொஞ்சம் கூடும் குறையும். இது எதையும் காட்டவில்லை. கம்பியை விரலால் மெல்ல வளைத்தபோது எண் வந்து வந்து மறைந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் நாளெல்லாம் ஸ்டியரிங் ஒடிக்கும் நம் பாதைகளில் அந்தக் கம்பி அறுவது அதிசயமில்லை. சேறும் துருவும் சென்சர் முனைக்கும், அது வேகத்தை வாசிக்கும் சில்லின் பல்வளையத்துக்கும் நடுவில் அடைவதும், பெயாரிங் ஆடி அந்த இடைவெளி கூடுவதும் இங்கே அன்றாடம் நடப்பவைதான்.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் கோளாறு எண்ணை (கோட்) வாசிக்க ஸ்கானர்கூட வேண்டாம். சோதனை இணைப்பியில் டீ.சீ. முனையையும் சீ.ஜீ. முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அதே ஏ.பி.எஸ். விளக்கு மினுங்கி அந்த எண்ணைச் சொல்லும். 31 என்றால் முன் வலச் சில்லு, 32 முன் இடம், 33 பின் வலம், 34 பின் இடம். அந்த விளக்கைத்தான் நீங்கள் கழற்றுகிறீர்கள். நோயாளியின் நாக்கை அறுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வது போன்றது இது.

"சாதாரண பிரேக் இருக்கிறதுதானே" என்பீர்கள். இருக்கிறது. நனைந்த இறக்கத்தில் சில்லு இறுகிய பிறகு ஸ்டியரிங் கேட்காது, அதற்காகத்தான் ஏ.பி.எஸ். என்ற ஒன்றையே வைத்தார்கள். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பின் சில்லுகளுக்குப் போகும் அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கலாம், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை "ஓட்டிப் போங்கள், ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவைப்பது நியாயமா?

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. சென்சரை அளந்துகூடப் பார்க்காமல், ஏ.பி.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தும் "மொடியூல் போய்விட்டது" என்று கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பழைய மொடியூல் ஒன்றை வரவழைத்துப் பூட்டுகிறார்கள். பணம் போகிறது, விளக்கு மறுபடி எரிகிறது, அப்புறம் அதே கறுப்பு நாடா. எஞ்சினை மட்டும் வாசிக்கும் மலிவான கருவியைச் செருகி "கோட் எதுவும் இல்லை" என்று சொல்வதும் இதே வகைதான்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் மீண்டும் திறந்தபோது விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே இருபது வயது கடந்த கார்களே எங்களுக்குக் கதி. அந்தக் கார்களுக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இருந்தால் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடுகிறது, பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 2025 மே மாதம் ரம்பொடை வீதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நான் பேசவில்லை, பாதையைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பாதையில் ஓடும் தனியார் காரின் பிரேக்கை ஆண்டுதோறும் பார்க்க அரசாங்கத்திடம் ஏற்பாடு இல்லை. உங்கள் கண் ஒன்றுதான் பார்க்கிறது. அந்தக் கண்ணையும் நீங்கள் மூடிக்கொண்டால் நாங்கள் யாரிடம் போவது?

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே: விளக்கைக் கழற்றாதீர்கள், கோளாறைத் தேடுங்கள். முதலில் கோட் எண்ணை எடுத்துப் பில்லில் எழுதித் தாருங்கள். பற்றரியையும் பியூசையும், பிறகு சென்சர், கம்பி, பல்வளையம், பெயாரிங் ஆகியவற்றையும் பாருங்கள். மொடியூலை அதற்கப்புறம் சந்தேகியுங்கள். தேடிய நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தருகிறோம். திருத்தப் பணமில்லாத வாடிக்கையாளரிடம் "விளக்கு எரியட்டும், மெதுவாக, கீழ்க் கியரில் இறங்குங்கள்" என்று உள்ளதைச் சொல்லி அனுப்புங்கள். விற்பதற்காக விளக்கை அணைத்துத் தரச் சொல்லி வருபவரைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
தலவாக்கலையிலிருந்து ஒரு பழைய கார்க்காரன்