மானிட்டரைப் போனில் படம் எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி, கட்டணம் கட்டிய ரசீதை மானிட்டரிலிருந்து போனில் படம் எடுத்து வந்திருந்தாள். கோடு கோடாக விழுந்து, விண்ணப்ப எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. பாவம், அழுதேவிட்டாள்.

திரையில் இருப்பதைக் கணினியிலேயே படமாக எடுக்கலாம். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும், வேண்டிய பகுதியை மட்டும் மவுஸால் இழுத்து வளைத்துவிட்டு, வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கன்ட்ரோல் வி கொடுத்தால் படம் அப்படியே வந்து உட்காரும். முழுத் திரையும் வேண்டுமா, விண்டோஸ் கீயோடு பிரின்ட் ஸ்கிரீன்; பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் தானாகவே சேமிப்பாகிவிடும். ஆப்பிளின் மேக் கணினியில் வேண்டிய பகுதியை மட்டும் எடுக்க கமாண்ட், ஷிஃப்ட், 4.

திரையில் நடப்பதை வீடியோவாகப் பதிய விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூல் என்ற செயலியிலேயே வசதி இருக்கிறது, மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 5. அப்புறம், பதியத் தொடங்கும் முன் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள், யாரோ அனுப்பும் செய்தி குறுக்கே வந்து அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். வங்கிக் கணக்கு எண் தெரிகிற பகுதியை வெட்டாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

விண்ணப்பக் காலம் தொடங்கும்போது மாணவர் பக்கத்தில் இதைப் படத்தோடு ஒருமுறை வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்