அக்கா, கணக்கு சரியாகத்தான் இருந்தது

அன்புள்ள அக்கா,

நேற்று வங்கியில், நம் கல்லூரிப் பழைய மாணவியர் சங்கக் கணக்கில் உங்கள் கையெழுத்தை எடுத்துவிட்டு என் கையெழுத்தை ஏற்றினார்கள். தீர்மான நகல், ஆதார், பான், போட்டோ, கேட்ட இடத்திலெல்லாம் சங்க முத்திரை. பொதுக்குழுவில் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்பது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். உங்கள் நாற்காலிக்கு நான் அலைந்தேன் என்கிற மாதிரிதான் வந்திருக்கும். ஒரு வருஷம் செயலாளராக இருந்து பார்த்தவள் யாரும் அந்த நாற்காலிக்கு அலைய மாட்டாள் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். வாட்ஸப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் போட்டால் பாதி ரிங்கில் அறுந்துபோகிறது. வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே நின்றுகொண்டு, "அவ தோட்டத்துக்குப் போயிருக்காம்மா" என்கிறார். தோட்டத்துக்குப் போனவர் செருப்பு திண்ணையிலேயே கிடக்கிறது. சரி, இங்கே எழுதுகிறேன். நம் குழுவில் இருப்பவர்கள் படிப்பார்கள், படித்துவிட்டுக் குழுவில் இல்லாதவர்களுக்கும் அனுப்புவார்கள். அனுப்பட்டும். யாரையும் காட்டிக்கொடுக்கும் ஆள் பெயர், ஊர் பெயர் எதுவும் இதில் இருக்காது. கல்லூரியின் பெயரும்தான்.

மார்ச் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று திரும்ப எழுதப்போவதில்லை. என்னைப் பற்றிப் பேசியதையும் சேர்த்துத்தான். எல்.ஐ.சி. ஏஜென்ட் நம்பர் சேர்க்கிறாள் என்றால் பாலிசி பிடிக்கத்தான் என்றார்கள் அல்லவா? அதற்கு நீங்கள் எழுந்து ஒரு பதில் சொன்னீர்கள். தலைமையாசிரியை குரல். மண்டபமே அடங்கிவிட்டது. அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. அதனால்தான் அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தது இவ்வளவு வலிக்கிறது, உங்களுக்கும் எனக்கும்.

இந்த வருஷத்தை நினைத்தால் கூட்டங்களோ பொன்னாடைகளோ எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்த லாங் சைஸ் நோட்டுதான் வருகிறது. ஈரோடு, நாமக்கல், கரூர் மூன்று மாவட்டத்துப் பழைய மாணவிகளையும் அட்மிஷன் ரிஜிஸ்டரிலிருந்து பெயர் பெயராக எடுத்து எழுதினோமே, அது. ஆண்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தில் இந்த வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அவனவன் பெயர் அப்படியே இருக்கும், இனிஷியலும் அப்படியே இருக்கும், பாதிப்பேர் அதே வீட்டில்கூட இருப்பார்கள். நமக்கு எஸ். லதா கல்யாணத்துக்குப் பிறகு எம். லதா ஆகிவிட்டார், இன்னொரு எம். லதா கே. லதா ஆகிவிட்டார். வாட்ஸப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் ஒன்று பேரக் குழந்தை இருக்கும், இல்லாவிட்டால் முருகன் இருப்பார்.

ரிஜிஸ்டரில் இருந்ததோ அப்பா வீட்டு முகவரி. அங்கே இப்போது அண்ணனோ தம்பியோ இருக்கிறார். 1989-இல் தமிழ்நாட்டில் பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது. 2005-இல் மத்தியச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவர்களும் கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டவர்களின் நம்பர் மட்டும் எந்த அண்ணன் வீட்டிலும் கிடைக்கவில்லை. "அவங்ககூட பேச்சுவார்த்தை இல்லீங்க" என்பார்கள். நீங்கள் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'பங்கு கேட்டவள்' என்று பச்சை மையில் எழுதி வைத்தீர்கள். மற்றவர்களை விட்டுவிட்டு அவர்களைத்தான் முதலில் தேடினீர்கள். அந்தப் பச்சை மைக்காகவே உங்கள் பின்னால் எத்தனை பஸ் ஏறினாலும் தகும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கோபம் வேறு, இது வேறு.

கூட்ட அழைப்பிதழைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துப் போனது உங்கள் யோசனைதான். "போன்ல கட் பண்ணுவாங்க அம்மிணி. மஞ்சத் தடவுன பத்திரிகையோட வாசல்ல நின்னா எந்த மாப்பிள்ளையும் கதவைச் சாத்த மாட்டான்" என்றீர்கள். சாத்தவில்லை. அந்த வீட்டிலும் சாத்தவில்லை.

அந்த வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊரும் பேரும் இல்லாம எழுதிக்க கண்ணு" என்றார்.

வீட்டை ஒட்டித் தறி ஷெட். விசைத்தறிச் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரர் பத்திரிகையை வாங்கி, "எந்த மண்டபமுங்?" என்று கேட்டுவிட்டு, நூல் வண்டி வந்ததும் வெளியே போய்விட்டார். ஒப்புட்டு கொண்டுவந்து வைத்தார் அந்த அக்கா. நீங்கள் ஒன்றை எடுத்து நெய் விரலோடு ஏதோ கேட்டீர்கள், அவர் ஏதோ சொன்னார், இருவரும் தலையாட்டினீர்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கரண்ட் போனது. மொத்தச் சத்தமும் நின்றபோது அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் கடைசிப் பாதி மட்டும் பளிச்சென்று கேட்டது: "...டிகிரியே நான் வாங்குலீங்க."

பி.எஸ்சி. கணிதம், 1988. கடைசிப் பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் கல்யாணம். பட்டமளிப்புக்குப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லையாம். மார்க்‌ஷீட் மட்டும் இருக்கிறது. அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். வகையீட்டு நுண்கணிதத்தில் 96. அந்த 96-ஐ விரலால் தொட்டுக் காட்டியபோது அவர் வயது தெரியவில்லை. நூல் கணக்கு, கூலிக் கணக்கு, பாவுக் கணக்கு எல்லாம் அவர்தான் எழுதுகிறார் என்பதைச் சுவரோரம் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்தீர்கள். "இவ்வளவும் உங்க கையெழுத்துதானே?" என்றீர்கள். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு நகைக்கடைப் பர்ஸோடு வந்தார். சீட்டு எடுத்த பணம், 40,000. "இது இந்த ஊட்டுக் கணக்குல இல்லாத காசுங்க. படிக்கிற புள்ளைக்கு மெஸ்ஸுக் கட்டுங்க. ரசீது வேண்டாம்."

கரண்ட் வந்துவிட்டது. அதற்கு மேல் பேச முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். ஞாபகம் இருக்கிறதா அக்கா? வாங்கியது நீங்கள். அப்படி இருக்கும்போது, "இந்த 40,000 யார் கொடுத்தது?" என்று மார்ச்சில் கேள்வி வந்ததும் நீங்கள் "சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்களே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நானும் கூட இருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் அடுத்த கேள்வி "எந்த ஊரில்?" நாம் போன ஊர்கள் எல்லாம் தேதியோடு நடவடிக்கைக் குறிப்பில் இருக்கின்றன. எழுதியது நான்தான். அந்த மண்டபத்தில் நூல் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்ட குடும்பம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிஷத்தில் பெயர் வந்திருக்கும், அன்று சாயந்திரத்துக்குள் அந்தத் தறி ஷெட்டுக்கும் போயிருக்கும். அதனால் குனிந்து நோட்டைப் பார்த்தேன். நான் குனிந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் தனியாக நின்றதற்கு எனக்கு வருத்தம், நிஜமான வருத்தம். ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டால், வாய் திறந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடும். அது என்னால் முடியாது.

இன்னொன்று. ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்று உங்களிடம் நான் சொன்னேன். "எத்தனை பள்ளிக்கூடக் கணக்கு பார்த்தவ நான், எனக்குத் தெரியாததா?" என்றீர்கள். நீங்கள் போன பிறகு நான் போய்க் கேட்டேன். பதிவு செய்த அறச் சங்கத்துக்குப் பெயர் சொல்லாமல் வரும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். 1 லட்சம் ரூபாய், அல்லது அந்த வருஷத்து மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை தனி வரி கிடையாது. அதைத் தாண்டிய பணத்துக்குத்தான் 30 சதவீதம். கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. அவர்தான் ரசீதே வேண்டாம் என்றவர் ஆயிற்றே! பணம் அடுத்த நாளே வங்கியில் கட்டப்பட்டிருக்கிறது, செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் விடுதியின் ரசீது இருக்கிறது. ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பொதுக்குழுவில் இதை வரி விடாமல் படித்தேன். மார்ச்சில் கேள்வி கேட்டவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். இங்கேயும் எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்: கணக்கில் ஒரு பைசா குறையவில்லை.

இந்த ஒரு பத்தியை மார்ச்சில் வாசித்திருந்தால் போதும். வாசிக்க விடாதது உங்கள் ரோஷம். குழுவிலிருந்து வெளியேறியது நீங்கள், 'வெளியேறினார்' என்ற அந்த வரிக்குக் கீழே வந்த முந்நூறு கேள்விக்கும் பதில் சொன்னது நான். உங்களுக்கு நல்ல பேர் மிச்சம், எனக்குக் கணக்கு மிச்சம். அந்த வாரமே கல்லூரியிலிருந்து போன்: கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறதாம், பழைய மாணவியர் பங்களிப்பு எவ்வளவு என்று உடனே தொகை வேண்டுமாம். வருஷம் முழுக்க நம் கடிதத்துக்கு ஒரு பதில் போடாதவர்கள், அன்று மதியத்துக்குள் மூன்று தடவை கூப்பிட்டார்கள். சிரிப்பதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

தாளவாடிப் பெண் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறும் பஸ் செலவுக்கும் போன் ரீசார்ஜுக்கும் சரியாக இருக்கிறது. மெஸ் பில்லை நம் பணம்தான் கட்டுகிறது. அவளும் கணிதம்தான். இது தற்செயல் என்று நீங்கள் சொன்னதை நான் அப்போதும் நம்பவில்லை.

அப்புறம், உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி. அந்த அக்காவின் பட்டம் வந்துவிட்டது. பாரதியார் பல்கலைக்கழகத்துக்குத் தாமதக் கட்டணத்தோடு விண்ணப்பித்து, என் முகவரிக்கு வரவழைத்தேன். போன மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி உறையில் போட்டு, கூலி நோட்டுகளுக்கு நடுவில் செருகினார். பிறகு என் காதருகே வந்து, "அந்த டீச்சர் வருலீங்களா?" என்று கத்தினார். உங்களுக்கு முழங்கால் வலி என்று நானும் கத்தினேன். உங்களுக்காக ஒரு டப்பா ஒப்புட்டு கொடுத்துவிட்டார். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அந்த லாங் சைஸ் நோட்டு உங்களிடம் இருக்கிறது. நாமக்கல் பக்கம் இன்னும் பாதிகூடத் தேடவில்லை. உங்கள் பச்சை மைச் சுருக்கெழுத்து எனக்குப் புரியாது, வேறு யாருக்கும் புரியாது. எஸ். லதாவுக்குப் பக்கத்தில் மூன்று அம்புக்குறி போட்டிருந்தீர்கள், அது எதற்கு? கொரியரில் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாமக்கல் பஸ் ஏறுகிறேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மஞ்சள் மட்டும் தடவ வேண்டும்.

உங்கள்
அம்மிணி