தகடுகளைக் காத்தவருக்கும் மற்ற அனைவருக்கும்

பல்கலைக்கழக மரத்தோட்டத்தின் மரநடைப் பாதை மீண்டும் திறந்துவிட்டது. வழிகாட்டி யாருமின்றி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் மரம் மரமாகப் பார்த்துப் போகும் பாதைக்குத் திறப்பு விழா எதற்கு என்று விட்டுவிட்டோம். மேடை இல்லாததால் நன்றியை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காற்றைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். எது விழுந்தது, எது நின்றது என்று மறுபடி அடுக்க எனக்குத் தெம்பில்லை.

கிளைகளை அறுத்து வழி உண்டாக்கியவர்கள், சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தவர்கள், தேர்வுக்கு நடுவே வந்து வரைபடத்தைத் திருத்திய மாணவர்கள், பாதையையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது கூட்டத்தில் எழுந்து மறுத்த தாவரவியல் பேராசிரியர், வாடகை வாங்காமல் அறுவை இயந்திரம் தந்தவர் என எல்லோருக்கும் நன்றி. ஆளுக்கொரு மடல் எழுத வேண்டும்தான். ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு பாதையைப் பெருக்கும் அம்மாவுக்கு உரியது.

அம்மா, அந்தச் சாக்குப்பையை நீங்கள் அவிழ்த்தபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. குப்பை லாரி வருவதற்குள் சருகுக் குவியல்களைக் கிளறி, பெயர்த்தகடுகளைப் பொறுக்கி வைத்திருந்தீர்கள். அதுவே பெரிது. அதற்கும் மேலே, ஒவ்வொரு தகட்டிலும் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருந்தது. அதே துணியின் மறுபாதி அந்தத் தகட்டுக்குரிய மரத்தில் இருந்தது. நீலப் பூப்போட்டது இலுப்பைக்கு, கட்டம் போட்டது புன்னைக்கு. இப்படிச் செய்யச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

பெயர் மட்டுமென்றால் நாங்களே சமாளித்திருப்போம். ஏழிலைப்பாலையை அதன் இலைவட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். தகட்டின் மூலையில் இருக்கும் பதிவெண் அப்படியல்ல. விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது, என்று நடப்பட்டது என்பதையெல்லாம் சொல்லும் பிறப்புச் சான்றிதழ் அது. வளைவில் நிற்கும் இரண்டு வேங்கைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு காட்டு விதைகள். இரண்டிலும் கிளை முறிந்த இடத்தில் செந்நிறப் பிசின் வடிந்துகொண்டிருந்தது, இரண்டிலும் தகடு இல்லை. எங்களில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்: "மேற்கே நிற்பது முதலில் மொட்டையாகும். மற்றது அதற்குப் பிறகுதான் கொட்டும். எனக்கு இரண்டு தடவை வேலை." பழைய குறிப்பேட்டைப் புரட்டினோம். இலையுதிரும் காலம் பற்றி அதிலிருந்ததும் அதுவே.

ஒரே இனமானாலும் விதை வந்த நிலத்தைப் பொறுத்து இலை உதிரும் காலம் மாறக்கூடும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதை ஆண்டுதோறும் விளக்குமாற்றால் அளந்துகொண்டிருந்தவரிடம் ஒருமுறைகூட எதையும் கேட்டதில்லை. இந்த நினைப்பு சில நாட்களாக என்னை விடவில்லை.

தகடுகளை இப்போது திருகாணியும் சுருள்வில்லும் வைத்துப் பொருத்தியிருக்கிறோம். மரம் பருக்கும்போது இறுக்கமான தகட்டைப் பட்டை விழுங்கிவிடும். வில் அதற்கு இடம் விடும். ஆண்டுக்கொரு முறை திருகாணிகளைத் தளர்த்துவது இனி என் பொறுப்பு. விழுந்த தேக்கின் அடிக்கட்டையை அப்புறப்படுத்தவில்லை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது, தேக்கில் தெரியும். நடப்பவர்கள் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த கையேட்டில் ஒவ்வொரு மரத்தின் கீழும் எந்த மாதத்தில் இலை, எந்த மாதத்தில் பூ, எப்போது காய் தரையில் கிடக்கும் என்று நீங்கள் சொல்வதை அச்சிடப் போகிறோம், உங்கள் பெயரோடு, நீங்கள் சம்மதித்தால். தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் அச்சில் ஏற்ற முடியாது அம்மா, அதைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுத வேண்டும்.