மூன்று பெட்டி மண்ணுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பெட்டி மண்ணில் பொருள்களைப் புதைத்து, தொல்லியலாளர் போல் தோண்டிப் பார்க்கும்படி தரம் 7 பிள்ளைகளுக்கு நடத்திய மாதிரி அகழாய்வுக்கு உதவிய எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. கொழும்பில் வேறு பாடசாலைகளும் இதைச் செய்யட்டும் என்ற ஆசையில், யார் என்ன செய்தார்கள் என்பதை அளவுகளோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி ஆமர் வீதி மரக்கடை அண்ணாவுக்கு. நாங்கள் கேட்டது ஒரு மீற்றர் நீள அகலமும் 45 சென்ரிமீற்றர் உயரமுமான மூன்று பலகைப் பெட்டிகள். 35 சென்ரிமீற்றருக்கு மண் போட்டால் ஒவ்வொன்றும் அரைத் தொன்னைத் தாண்டும், பலகை வயிறு தள்ளிவிடும் என்று சொல்லி வெளியே சட்டம் அடித்துத் தந்தார். அந்தப் பாரத்துக்கு மேல்மாடி கூடவே கூடாது.

கால் கியூப் (25 கன அடி) மணலை வாளியால் சுமந்த பெற்றோருக்கு எப்படி நன்றி சொல்வது! அடியில் 10 சென்ரிமீற்றர் செம்மண், அதன்மேல் 5 சென்ரிமீற்றர் கரித்துண்டும் சாம்பலும் கலந்த மண், பிறகு 20 சென்ரிமீற்றர் மணல். மணலில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஐந்து லீட்டர் தண்ணீர் தெளித்து அடித்து இறுக்கினார்கள். காய்ந்த மணலாய் விட்டிருந்தால் வெட்டுமுகம் சரிந்து அடுக்குக்கோடே தெரிந்திராது. தண்ணீர் கூடினால் அரிதட்டு அடைத்துக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற தொல்லியல் ஐயா சொல்லித்தந்த குழிதான் இந்தப் பாடத்தின் உயிர். மேல்மணலிலிருந்து செம்மண் வரை ஒரு சாண் அகலத்தில் குழி வெட்டி, தும்புத்தூள் கலந்த கறுப்பு மண்ணால் மூடி, அடியில் ஒரு சோடா மூடியை வைத்தோம். அடியில் உள்ள அடுக்கே பழையது என்பதால், நிறம் மாறிய வட்டத்தைக் கவனிக்காமல் தோண்டும் குழு, செம்மண் காலத்திலேயே சோடா இருந்ததாக எழுதிவிடும். வட்டத்தைக் கண்ட குழு அதற்குத் தனி இலக்கம் கொடுத்து, முதலில் அந்த மண்ணை மட்டும் எடுக்கும். 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரை பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் இருந்தது. அது கிடந்த இடம் தெரிந்ததும் அதன் பெறுமதிக்கு ஒரு காரணம். பொருளைக் கண்டவுடன் பிடுங்கும் கையைத் தடுக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

கீறல் விழுந்த சட்டிகளை இலவசமாகத் தந்த மட்பாண்டக் கடை அம்மாவுக்கும் நன்றி. சாக்கில் சுற்றி ஒரே அடியில் உடைத்து, கூரான விளிம்புகளைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். வீட்டிலுள்ள பழைய ஓடுகளைத் தர முன்வந்தவர்களின் அன்பை மறக்கமாட்டோம். ஆனாலும் உண்மையான தொல்பொருளைப் பெட்டியில் புதைப்பது சரியல்ல. அனுமதியில்லாமல் தொல்பொருள் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம்.

புறக்கோட்டைக் கடைக்காரர் தந்த மூன்று மில்லிமீற்றர்ப் பாசிமணிகள் ஐந்து மில்லிமீற்றர் அரிதட்டில் நிற்கவில்லை. அதே மண்ணை நுளம்பு வலையில் போட்டு நீரில் அலசியபோது வெளிவந்தன. அரிதட்டின் கண் பெரிதானால் எதை இழக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டார்கள்.

கடைசியாக எங்கள் காவலாளி ஐயாவுக்கு. திறந்து கிடக்கும் மணலைப் பூனைகள் விடாது, பிள்ளைகள் கை வைக்கும் மண் அது. அதனால் ஒவ்வொரு மாலையும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார். மழை விட்டதும் அதன் மடிப்புகளில் தேங்கிய நீரை, நுளம்பு பெருகுமுன், தட்டி ஊற்றுகிறார்.

நன்றியுடன்,
வரலாற்றுப் பாட ஆசிரியர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு