வீட்டுச் சிரிப்பு தமிழிலும் கேட்கட்டும்

மொரிசியஸ் தொலைக்காட்சிக்குத் தமிழ் நிகழ்ச்சிகள் தயாரிக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

நான் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைதோறும் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் தேவாரம் பாடுவார்கள், குறளைத் தடுமாறாமல் ஒப்பிப்பார்கள், தைப்பூசக் காவடியன்று அரோகரா சொல்வார்கள். ஆனால் சண்டை போடுவதும் கேலி பேசுவதும் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்தைப் பார்த்து வளரும் இப்பிள்ளைகளுக்கு, அம்மொழியில் சிரிக்கவும் முடியும் என்று காட்டுவார் இல்லை.

ஆகவே, வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், நம் ஊர்க் குடும்பம் ஒன்றின் நகைச்சுவைத் தொடரைத் தயாரிக்குமாறு வேண்டுகிறேன். அதே கூடம், அதே அடுக்களை, அதே நான்கைந்து பேர் என்பதால் பெருஞ்செலவு ஆகாது. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' என்ற தமிழ்த் தொடர் ஒரு கணவன் மனைவியின் சில்லறைச் சண்டைகளைக் கொண்டே நடந்தது. மொழி கற்பவருக்கு இவ்வடிவம் இன்னும் உகந்தது: மாமா எதற்குக் கோபப்படுவார், பாட்டி எதை மறைப்பார் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், சொல் புரியாத இடத்திலும் பொருள் பிடிபடும், அதே சொல் அடுத்த வாரமும் வரும்போது தானாக நாவில் ஒட்டிக்கொள்ளும்.

சென்ற மாதம் வகுப்பில் நான் 'ரசம்' என்று கரும்பலகையில் எழுதியதும், ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், அது புத்தகத்தில், எங்கள் பாட்டி வைப்பது ரசோன்" என்றான், ரசத்தின் கிரியோல் பெயரைச் சொல்லி. வகுப்பே சிரித்தது. பிறகு பத்து நிமிடம், யார் வீட்டில் புளி அதிகம், யார் வீட்டில் மிளகு அதிகம் என்று தமிழிலேயே வாதாடினார்கள். ஆண்டு முழுவதும் நான் கேட்டிராத தமிழ் அது.

சென்னைத் தொடர்களை அப்படியே ஒளிபரப்புவது இதற்கு ஈடாகாது. தண்ணீர் லாரிக்கும் ரேஷன் கடைக்கும் வரிசையில் நின்றறியாத பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு எட்டாது. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்த இரவில் உறவினரெல்லாம் ஒரே வீட்டில் அடைந்துகிடப்பதும், வாழையிலையில் ஏழு கறியை எந்த வரிசையில் பரிமாறுவது என்று இரண்டு அத்தைகள் முரண்படுவதும் இவர்கள் கண்ணால் கண்டவை.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்: தமிழைத் தவறாகப் பேசுபவரைக் கேலிப்பொருளாக்காதீர்கள். அதைப் பார்க்கும் பிள்ளை மறுநாள் வாயே திறக்காது.

நீங்கள் எழுதும் வசனங்களை வாசித்துப் பார்க்க என் வகுப்பு எந்தச் சனிக்கிழமையும் தயார். அந்தச் சிறுவனின் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை, ரோஸ் ஹில்