சென்னை வானொலியின் அடுத்த மாற்றத்துக்கு முன்: வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னை வானொலி நிலைய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் அதை நடத்தும் பிரசார் பாரதி வாரியத்தாருக்கும் வணக்கம்.

மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பிகள் நாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டுவரும் நேரம் இது. சென்னை முதல் அலைவரிசையான 720 கிலோ ஹெர்ட்ஸின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும்போது, சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் நிலையத்தின் முன்கதை 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் உருவான சென்னை மாகாண ரேடியோ கிளப்பில் தொடங்குகிறது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. அக்காலத்தில் அது நகரத்தாரின் வானொலியாகவே இருந்தது. வரி கட்டியவர்கள் அவர்கள் என்பதால் அதில் குறை காண ஒன்றுமில்லை. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்ற பிறகுதான் மாகாணத்துக்கே உரிய நிலையம் என்ற நிலை ஏற்பட்டது.

அதன்பின் வந்த மாற்றங்களில் பெரியது திரைப்பாட்டைப் பற்றியது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை ஓரங்கட்டியதும், நேயர்கள் கூட்டமாக இலங்கை வானொலிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3-இல் திரைப்பாட்டுக்கு இடம் தரும் தனிச் சேவையாக விவித் பாரதி பிறந்தது. பின்னர் விளம்பரங்களோடு வர்த்தக ஒலிபரப்பும் வந்தது. இதைத் தோல்வியை ஈடுகட்டிய கதையாகவே பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டு தனிக்குடித்தனம் போனதால்தான் முதல் அலைவரிசையில் நாடகத்துக்கும் உரைக்கும் உழவர் நிகழ்ச்சிக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. வேளாண் நிகழ்ச்சிகளில் பணியாற்றிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ மூலம் வீடுதோறும் அறியப்பட்டதற்கு அந்த இடமே காரணம்.

1977 ஜூலை 23-இல் பண்பலை சென்னையில்தான் நாட்டிலேயே முதன்முதலில் வந்தது. நகரத்துக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பண்பலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும் அலை. தொலைவும் மலையும் அதை மறித்துவிடும். மத்திய அலையோ நிலத்தைத் தழுவியபடி ஜவ்வாது மலையடிவாரம் வரை வந்து சேர்கிறது. குடியாத்தம் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குக் கண்ணும் கையும் இலையிலும் தூளிலும் இருக்க, காது ஒன்றுதான் மிச்சம். கைபேசித் திரையைத் தேய்க்க அவர்களுக்கு ஏது கை? டிரான்சிஸ்டரின் முகத்தைக் கிழக்கே திருப்பி வைத்தால், உள்ளிருந்து அலையைப் பிடிக்கும் ஃபெரைட் கம்பி சென்னைத் திசைக்குக் குறுக்காக நின்று, இரைச்சல் தணிந்து குரல் தெளியும். பக்கத்தில் மலிவான எல்இடி பல்பு எரிந்தால் அதுவும் கெட்டது என்பது வேறு விஷயம்.

மத்திய அலை ஒலிபரப்பி மின்சாரத்தை விழுங்குகிறது என்பதை மறுக்கவில்லை. டிஜிட்டல் முறை சிக்கனமானது, ஒலியும் துல்லியம். ஆனால் அதைக் கேட்கப் புதிய பெட்டி வேண்டும். பழைய டிரான்சிஸ்டரில் அது வெறும் இரைச்சல்தான். பெட்டி மலிவாகக் கடைக்கு வரும் முன்பே பழைய அலையை நிறுத்திவிடாதீர்கள்.

பண்பலையில் வரும் பாட்டையே மத்திய அலையிலும் நிரப்புவது, அந்த மின்சாரத்தை இருமுறை வீணாக்குவதாகும். அதற்குப் பதிலாகக் காலையிலும் மாலையிலும் சிறிது நேரத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கென்றே ஒதுக்குங்கள். பாலாற்றில் நீர் வரத்து, கத்தரிக்கும் நெல்லுக்கும் அன்றைய சந்தை நிலவரம், மழை முன்னறிவிப்பு ஆகியவை ஊர்ப்பெயரோடு வரட்டும். எந்த மாற்றமானாலும் அதே அலைவரிசையில் ஒரு மாதம் முன்னதாக அறிவித்து, வேலூரில் ஒரு நேயர் கூட்டமும் நடத்திய பின் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வேலூர் மாவட்ட நேயர் ஒருவர்