பருவ நிறைவும் நீர்நிலைப் பறவை நோக்கலும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள்.

இளவேனில் பறவை நோக்கலைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. குழந்தைகள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். நெற்றியில் வெள்ளைப் பட்டை இருந்தால் நாமக்கோழி, சிவப்புப் பட்டையும் மஞ்சள் அலகு நுனியும் இருந்தால் தாழைக்கோழி என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளே பிரித்துச் சொல்கிறார்கள். பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணிவிட்டு, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து இருக்கும் என்று கணிக்கவும் பழகிவிட்டார்கள்.

அன்று சிக்கலானது, உடன் வந்த சில பெற்றோர்களின் கைபேசிதான்: பறவைக் குரலை ஒலிக்கவிட்டீர்கள், படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கினீர்கள். பிள்ளைகள் பறவையைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனாலும் அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும்.

பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று ஆண் பறவை நினைக்கிறது. இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. மெர்லின் போன்ற செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்வதால் பறவைக்குத் தொல்லையில்லை. அதே செயலியில் உள்ள பதிவை அங்கே ஒலிக்கவிடுவதுதான் கூடாது. குரல்களை வீட்டிலேயே கேட்டுப் பழகி வரலாம். செயலி சொன்ன பெயரையும் பறவையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே குறிப்பேட்டில் எழுத வேண்டும், செயலியும் தவறுவதுண்டு.

இதைவிடக் கவலை தருவது கூடு. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையிலேயே முட்டையிடுகின்றன, பெரும்பாலும் நான்கு. மண்ணும் கல்லும் போன்ற நிறம் என்பதால், படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்குபவர் தெரியாமலே மிதித்துவிடலாம். மிதிக்காவிட்டாலும் தாய்ப்பறவை எழுந்துபோகும். வெயிலில் முட்டை சூடேறும். அதைத் தணிக்கத்தான் அந்தப் பறவைகள் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து அமர்கின்றன. நாம் அருகில் நிற்கும்வரை அவற்றால் அமர முடியாது. நாம் விலகியதும் காகமும் நாயும் வந்துவிடும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், வந்த வழியே உடனே திரும்ப வேண்டும் என்று பொருள்.

கூட்டின் படத்தையும் இருப்பிடத்தையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்ததும் அப்படித்தான். ஒருவர் பகிர்ந்தால் அன்று மாலையே பலர் தேடி வருகிறார்கள். படக்கோப்பிலும் இருப்பிடக் குறிப்பு பதிந்திருக்கலாம். அந்தப் படங்களைத் தயவுசெய்து இன்றே நீக்கிவிடுங்கள்.

இனி நீர்நிலையில் கைபேசி ஓசையின்றிப் பையில்தான் இருக்க வேண்டும். ஆசிரியரிடம் ஒன்று இருக்கும். அவசரத்துக்கு அது போதும். குரலை ஒலிக்கவிடுபவரும் பாதையை விட்டு இறங்குபவரும் யாராயினும் மீண்டும் உடன் வர அனுமதி இல்லை. இதில் விதிவிலக்கு கிடையாது.

கிட்டத்தில் பார்க்கப் பைனாகுலரே நல்ல வழி. 8 மடங்கு பெரிதாக்குவது போதும். 10 மடங்கு என்றால் சிறு கைகளில் காட்சி ஆடும். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தைத் திருப்புங்கள். கண்ணாடி அணியும் குழந்தை கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடக்கிக்கொள்ள வேண்டும். பறவையின் மேல் பதிந்த பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிரும் பிள்ளைகளுக்குத்தான் பறவை அகப்படுவதில்லை.

விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி அழைத்துவந்தீர்கள். பலர் சொந்தப் பைனாகுலரை மற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்தீர்கள். இந்த ஒத்துழைப்பு இல்லாமல் இந்நிகழ்வை நடத்தியிருக்க முடியாது, மனமார்ந்த நன்றி. அடுத்த நோக்கலுக்கு உடன்வர விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். மண்நிற உடை, தொப்பி, குடிநீர், குறிப்பேடு, பென்சில் கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்